ஆம்ப்ளிபயர் உறுமினால் எர்த் முனையை வெட்டாதீர்கள்



சரக்கு விலை, வரி, தராசு முத்திரை என்று எழுதுவதுதான் என் வழக்கம். இம்முறை கொஞ்சம் வேறு விஷயம். வீட்டிலும் கடையிலும் நாம் பாட்டுக் கேட்க வைத்திருக்கும் ரேடியோ, ஆம்ப்ளிபயர், ஸ்பீக்கர், ஹோம் தியேட்டர் ஆகியவற்றில் உள்ள மின்சார ஆபத்தைப் பற்றியது. "மிக்சி, கிரைண்டர் என்றாலும் சரி, பாட்டுப் பெட்டியில் என்ன ஆபத்து வந்துவிடப் போகிறது?" என்று உங்களுக்குத் தோன்றலாம். 1996-ஆம் ஆண்டு ஆயுத பூஜை வரையில் எனக்கும் அப்படித்தான் தோன்றிக் கொண்டிருந்தது.

அப்போது மதுரை கீழமாசி வீதிப் பக்கம் எங்கள் மொத்தக் கடை இருந்தது. கடையில் ஒரு டி.வி., அதற்குக் கேபிள் இணைப்பு, பாட்டு நன்றாகக் கேட்க வேண்டும் என்பதற்காக ஒரு ஆம்ப்ளிபயர், இரண்டு ஸ்பீக்கர். டி.வி.யிலிருந்து வயர் போட்டு ஆம்ப்ளிபயரில் சொருகியதிலிருந்து ஸ்பீக்கரில் "உர்ர்ர்" என்று ஓயாத உறுமல். பாட்டு நின்றாலும் உறுமல் நிற்காது. ஒரு மெக்கானிக்கை அழைத்து வந்தோம். அவர் ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, இது எர்த் பிரச்சினை. பிளக்கில் இருக்கிற பெரிய முனையை எடுத்துட்டா சரியாப் போயிரும்" என்றார். கட்டிங் பிளேயரால் எர்த் வயரைத் துண்டித்தார். உறுமல் உடனே நின்றது. கெட்டிக்காரர் என்று பாராட்டி, கேட்டதற்கு மேல் பத்து ரூபாய் கொடுத்து அனுப்பினேன்.

ஆயுத பூஜைக்குக் கடையைக் கழுவி விட்டிருந்தோம். தரை ஈரம். வியாபாரிகள் நாலு பேர் வருவார்கள் என்று டி.வி. வயரைக் கழற்றிவிட்டு ஆம்ப்ளிபயரில் ஒரு மைக்கை மாட்டினோம். கடையில் வேலை பார்த்த தம்பிக்கு அப்போது 19 வயது. மைக்கை ஒரு கையில் பிடித்து "ஹலோ, ஹலோ" என்றவர், மறு கையை இரும்பு ஷட்டரின் மேல் வைத்தார். அவ்வளவுதான். சத்தம் வரவில்லை. ஆள் விறைத்து நிற்கிறார், மைக்கை விட முடியவில்லை. அவர் விளையாடுகிறார் என்று நாங்கள் இரண்டு விநாடி சிரித்துக்கொண்டு நின்றோம். அந்த இரண்டு விநாடியை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிற்றைப் புரட்டுகிறது. எடை போடும் பெரியவர்தான் ஓடிப்போய் மெயின் சுவிட்சை இறக்கினார். தம்பி கீழே விழுந்தார். உள்ளங்கை வெந்து போயிருந்தது. ஆஸ்பத்திரியில் மூன்று நாள் இருந்து, தெய்வாதீனமாகப் பிழைத்துக்கொண்டார். இன்று அவர் சொந்தக் கடை வைத்திருக்கிறார். இந்த இதழுக்கு அவரும் சந்தாதாரர் என்பதால் பெயர் எழுதவில்லை.

பிறகு பெட்டியைத் திறந்து பார்த்தபோது காரணம் தெரிந்தது. உள்ளே வரும் மின்சார வயர் டிரான்ஸ்பார்மரின் திருகாணியில் உரசி உரசி மேல் உறை தேய்ந்து, செம்புக் கம்பி இரும்புப் பெட்டியைத் தொட்டுக்கொண்டிருந்தது. பெட்டி முழுவதும் 230 வோல்ட். மைக்கின் இரும்புக் கூடு, வயரின் மேல் வலை வழியாக அதே பெட்டியோடு சேர்ந்தது. ஆகவே மைக்கிலும் 230 வோல்ட். எர்த் முனை இருந்திருந்தால் வயர் பெட்டியைத் தொட்ட அன்றைக்கே ப்யூஸ் போயிருக்கும். ஏதோ கோளாறு என்று தெரிந்திருக்கும். எர்த் இல்லாததால் மின்சாரம் சத்தமில்லாமல் காத்துக்கொண்டிருந்தது.

இது நமக்கு மட்டும் நேர்ந்தது அல்ல. என் மருமகன் என்ஜினீயர். இந்தக் கதையைக் கேட்டுவிட்டு அவர் சொன்னது: 1972 மே மாதத்தில் வேல்ஸ் நாட்டின் ஸ்வான்சீ நகரில், 'ஸ்டோன் தி க்ரோஸ்' என்ற இசைக்குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ் ஹார்வி, எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே இறந்தார். 1976-இல் 'யார்ட்பேர்ட்ஸ்' குழுவின் பாடகராக இருந்த கீத் ரெல்ஃப், தம் வீட்டில் எர்த் ஒழுங்காக இல்லாத மின்சாரக் கிட்டாரை வாசித்தபோது இறந்தார். மின்சாரமே தொழிலாக உள்ள ஆட்களுக்கே இந்தக் கதி. நம் நாட்டில் மின்சாரம் தாக்கி இறப்பவர்கள் ஆண்டுக்குப் பத்தாயிரம் பேருக்கு மேல் என்று தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கு சொல்கிறது. இதில் எல்லா வகை விபத்தும் சேரும் என்றாலும் தொகை சின்னதல்ல.

எவ்வளவு மின்சாரம் ஆளைக் கொல்லும்?

நாம் நினைப்பதைவிட மிகக் குறைவு. மின்சாரத்தின் அளவை ஆம்பியரில் சொல்வார்கள். அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு மில்லி ஆம்பியர். ஒரு மில்லி ஆம்பியர் உடம்பில் பாய்ந்தால் சுருக்கென்று தெரியும். 10, 15 ஆனால் கைத்தசை இறுகிக்கொண்டு, பிடித்த பொருளை விட முடியாமல் போகும். 30-க்கு மேல் சிறிது நேரம் நீடித்தாலே மூச்சுக்கும் இதயத்துக்கும் ஆபத்து. 100 பாய்ந்தால் இதயம் தாளம் தப்பித் துடித்து நின்றுவிடலாம்.

சாமி படத்துக்கு முன்னால் எரியும் சின்ன 'ஜீரோ வாட்' குண்டு பல்பு இருக்கிறதே, பெயர்தான் ஜீரோ. பழைய வகை பல்பு ஏறத்தாழ 15 வாட் இழுக்கும். கணக்குப் போட்டால் 65 மில்லி ஆம்பியர். ஒரு ஆளைச் சாய்க்க அந்த மின்சாரமே தாராளம். "ஆம்ப்ளிபயர் என்ன பெரிதாக இழுக்கப் போகிறது?" என்ற பேச்சுக்கு இதுதான் பதில். பெட்டி எவ்வளவு இழுக்கிறது என்பது கணக்கே அல்ல. அதற்குப் பின்னால் 230 வோல்ட் நிற்கிறது என்பதுதான் கணக்கு.

ஈரம் சேர்ந்தால் நிலைமை இன்னும் மோசம். வறண்ட தோல் மின்சாரத்தை ஓரளவு தடுக்கும். நனைந்த கைக்கு அந்தத் தடை ஆயிரம் ஓம் அளவுக்கு இறங்கிவிடும். 230-ஐ ஆயிரத்தால் வகுத்தால் 230 மில்லி ஆம்பியர். மளிகைக்காரர் கை எப்படிப்பட்டது என்று நமக்குத் தெரியும். உப்பு மூட்டையைத் தொட்ட கை, புளி அள்ளிய கை, சித்திரை மாத வியர்வைக் கை. உப்புத் தண்ணீர் சாதாரணத் தண்ணீரைவிடப் பல மடங்கு மின்சாரத்தைக் கடத்தும். ஒரு கையால் பெட்டியையும் மறு கையால் ஷட்டர், இரும்பு ரேக், பிரிட்ஜ் கைப்பிடி போன்றவற்றையும் தொட்டால் மின்சாரம் மார்பு வழியாகப் போகும். அதுதான் மிகக் கெட்ட வழி.

ப்யூஸ் இருக்கிறதே என்றால்...

இது நம்மில் பலருக்கும் உள்ள தவறான நம்பிக்கை. 5 ஆம்பியர் ப்யூஸ் போவதற்கு 5 ஆம்பியருக்கு மேல், அதாவது 5,000 மில்லி ஆம்பியருக்கு மேல் ஓட வேண்டும். ஆள் சாவதற்கு 100 போதும். ஆகவே ஆள் மாட்டிக்கொண்டால் ப்யூஸ் அசையாது. எம்.சி.பி. என்று இப்போது போடுகிறோமே, அதுவும் அப்படித்தான். இவையெல்லாம் வயர் சூடாகித் தீப்பிடிக்காமல் காப்பவை. எர்த் நன்றாக இருந்தால்தான் இவை மறைமுகமாக ஆளையும் காக்கும்: கோளாறு வந்த உடனே எர்த் வழியாகப் பெரிய மின்சாரம் பாய்ந்து ப்யூஸ் போய்விடும். ப்யூஸ் கட்டையில் நாலு இழை செம்புக் கம்பியை முறுக்கிக் கட்டும் பழக்கம் நம் பஜாரில் இன்னும் முழுசாக ஒழியவில்லை. அப்படிக் கட்டினால் அந்தக் காவலும் போயிற்று.

ஆளைக் காப்பதற்கென்றே உள்ள சாதனம் ஆர்.சி.சி.பி. என்பது. சிலர் பழைய பெயரால் ஈ.எல்.சி.பி. என்பார்கள். அது வேலை செய்யும் விதம் நமக்கு எளிதில் புரியும். குடோனிலிருந்து லாரியில் 100 மூட்டை ஏற்றி அனுப்புகிறோம். இறக்கிய சீட்டில் 98 என்று வருகிறது. வழியில் எங்கோ கசிந்திருக்கிறது என்று உடனே தெரிகிறது அல்லவா? அதே மாதிரி, பேஸ் வயரில் போன மின்சாரமும் நியூட்ரலில் திரும்பிய மின்சாரமும் சமமா என்று அந்தச் சாதனம் ஓயாமல் ஒப்பிட்டுக்கொண்டிருக்கும். 30 மில்லி ஆம்பியர் அளவுக்கு வித்தியாசம் வந்தால், ஒரு விநாடியில் சிறு பகுதிக்குள் லைனைத் துண்டித்துவிடும். அந்த வித்தியாசம் ஒரு மனிதன் உடம்பு வழியாகத் தரைக்குப் போனதாக இருக்கலாம். வாங்கும்போது 30 மில்லி ஆம்பியர் என்று கேட்டு வாங்க வேண்டும். 100, 300 என்றும் உண்டு. அவை தீ விபத்தைத் தடுக்க உதவும், ஆளைக் காக்காது. ஒரு மூட்டை துவரம் பருப்பின் விலைக்குள் கடைக்கு ஒன்று வாங்கிவிடலாம். அதில் 'டி' என்று எழுதிய ஒரு பொத்தான் இருக்கும். மாதம் ஒரு முறை அதை அழுத்திப் பார்க்க வேண்டும். அழுத்தியதும் லைன் போக வேண்டும். ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும்: ஒரு கையில் பேஸையும் மறு கையில் நியூட்ரலையும் பிடித்தால் இந்தச் சாதனத்துக்குத் தெரியாது. போனது திரும்பி வந்துவிடுவதால் கணக்கு நேராக இருக்கும்.

எர்த்தில் நடக்கும் மோசடி

மூன்று முனை சாக்கெட் இருந்தால் எர்த் இருக்கிறது என்று அர்த்தமில்லை. பழைய கட்டடங்களில் மேல் துளை வெறும் துளைதான். பின்னால் வயரே இருக்காது. இன்னும் மோசமான வேலை ஒன்று உண்டு. எர்த் வயர் இழுக்கச் சோம்பல்பட்டு, சாக்கெட்டுக்குள்ளேயே நியூட்ரலிலிருந்து ஒரு துண்டு வயரை எர்த் முனைக்குப் போட்டுவிடுவார்கள். டெஸ்டரை வைத்தாலும் பல்பை வைத்தாலும் எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தெரியும். ஆனால் என்றைக்காவது நியூட்ரல் வயர் எங்காவது அறுந்தால், எரிந்துகொண்டிருக்கும் ஏதாவது ஒரு பல்பின் வழியாக 230 வோல்ட் அந்தத் துண்டு வயரில் ஏறி, ஆம்ப்ளிபயர், பிரிட்ஜ், கிரைண்டர் எல்லாவற்றின் உடம்புக்கும் வந்து சேரும். எந்த எர்த் நம்மைக் காக்க வேண்டுமோ அதுவே எமனாகிவிடும். ஆகவே எலக்ட்ரீஷியன் வரும்போது இரண்டு சாக்கெட்டையாவது கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். பச்சை வயர் தனியாக போர்டு வரை, அங்கிருந்து எர்த் குழி வரை போகிறதா என்று உங்கள் கண்ணால் பாருங்கள். பழைய வயரிங்கில் சிவப்பு பேஸ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். பெட்டியோடு வரும் வயரில் பிரவுன் பேஸ், நீலம் நியூட்ரல், பச்சையில் மஞ்சள் கோடு எர்த்.

எர்த் குழியைப் பற்றி ஒரு வார்த்தை. இரும்புக் குழாயைச் சுற்றிக் கரியும் உப்பும் போடுவது நாம் அறிந்ததே. எர்த் குழிக்கென்று கல் உப்பு கேட்டு வருகிறவருக்கு நாம்தான் எடை போட்டுக் கொடுக்கிறோம். ஆனால் நம் சொந்தக் கடையின் குழிக்குக் கடைசியாக எப்போது தண்ணீர் ஊற்றினோம்? குழி காய்ந்தால் மண்ணின் தடை கூடிவிடும். தடை 40 ஓம் ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கோளாறு வந்தால் 6 ஆம்பியருக்குக் கீழேதான் பாயும். 5 ஆம்பியர் ப்யூஸ்கூட அதில் சட்டென்று போகாது. அதுவரை பெட்டியில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். வெயில் காலத்தில் குழிக்கு வாரம் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். பல கடைகளில் குழியின் மேலேயே சிமெண்டுத் தளம் போட்டு மூட்டை அடுக்கியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். குழாயின் வாயில் பிடித்திருக்கும் போல்ட் துருப்பிடித்துக் கழன்றிருந்தால் குழி இருந்தும் இல்லாததே.

உறுமலுக்கு என்ன வழி?

இனி, எங்கள் கடையில் அந்த உறுமல் ஏன் வந்தது என்று பார்ப்போம். ஆம்ப்ளிபயருக்கு எர்த் ஒரு வழியாக வருகிறது. கேபிள் டி.வி.யின் தடித்த வயரின் மேல் வலை வேறு எங்கோ தெருவில் எர்த்தோடு சேர்கிறது. இரண்டு எர்த்துக்கும் இடையே சிறிய வோல்டேஜ் வித்தியாசம் இருக்கும். டி.வி.யையும் ஆம்ப்ளிபயரையும் இணைத்ததும் அந்த வித்தியாசம் ஆடியோ வயரின் வலை வழியாக ஓட ஆரம்பிக்கிறது. நம் மின்சாரம் விநாடிக்கு 50 சுற்று. அந்தத் துடிப்புதான் உறுமலாகக் கேட்கிறது. எர்த் முனையை வெட்டினால் வளையம் அறுந்து உறுமல் நிற்பது உண்மைதான். ஊமையானது உறுமல் மட்டும் அல்ல, ஆபத்தை அறிவிக்கும் வழியும்தான் என்பது மெக்கானிக்குக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

சரியான வழிகள் எளியவை. முதலில் டி.வி., செட்டாப் பாக்ஸ், ஆம்ப்ளிபயர் எல்லாவற்றையும் ஒரே சாக்கெட்டிலிருந்து வரும் ஒரே போர்டில் சொருகிப் பாருங்கள். பாதி உறுமல் இதிலேயே போய்விடும். ஆடியோ வயரையும் மின்சார வயரையும் ஒன்றாகச் சுருட்டிக் கட்டாமல் விலக்கி ஓட விடுங்கள். அப்படியும் இருந்தால் கேபிள் வயரை டி.வி.யிலிருந்து ஒரு நிமிடம் கழற்றிப் பாருங்கள். உறுமல் நின்றால் குற்றவாளி கேபிள். அதற்கென்று கேபிள் வழியில் போடும் ஐசொலேட்டர் உண்டு. ஆடியோ வயருக்கு நடுவில் போடும் சிறிய ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மர் பெட்டியும் கிடைக்கிறது. அது பாட்டை மட்டும் கடத்தும், எர்த் வளையத்தை அறுத்துவிடும். இன்றைக்கு ப்ளூடூத் வழியாகப் பாட்டை அனுப்பினால் வயரே வேண்டாம், வளையமும் இல்லை.

இரண்டு முனை பிளக்கோடு வரும் பெட்டிகளும் உண்டு. அவற்றின் பின்புறத்தில் ஒரு சதுரத்துக்குள் இன்னொரு சதுரம் போட்டிருந்தால், இரட்டைக் காப்புறை உள்ள பெட்டி என்று பொருள். அதற்கு எர்த் தேவையில்லை. அத்தகைய பெட்டியில் சில சமயம் விரலால் தடவினால் லேசாகச் சுருசுரு என்றிருக்கும். அடாப்டரின் உள் அமைப்பினால் வரும் மிகச் சிறு கசிவு அது. ஆனால் மூன்று முனை உள்ள பெட்டியில் அப்படித் தெரிந்தால், எர்த் வேலை செய்யவில்லை என்று அர்த்தம். உடனே அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். தடவிப் பார்ப்பதே ஒரு சோதனை முறை என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

என் தகப்பனார் காலத்தில் வால்வு ரேடியோ இருந்தது. சில ஊர்களில் அப்போது டி.சி. மின்சாரம் இருந்ததால், இரண்டுக்கும் ஒத்துவரும் ஏ.சி./டி.சி. ரேடியோக்கள் விற்றன. அவற்றில் டிரான்ஸ்பார்மர் கிடையாது. லைனின் ஒரு முனை நேராக இரும்புச் சட்டத்தில் சேர்ந்திருக்கும். இரண்டு முனை பிளக்கைத் திருப்பிச் சொருகினால் சட்டம் முழுவதும் பேஸ். மேலே மரப்பெட்டியும் பேக்கலைட் குமிழும் இருந்ததால் தப்பித்தோம். குமிழ் உடைந்தபின் குறட்டால் திருகி ஸ்டேஷன் வைத்துக்கொண்டிருந்த தகப்பனார் ஒரு நாள் ரேடியோவுக்கு வைத்த அடியில் அதன் துணி கிழிந்தது. தம்மை யாரோ பின்னாலிருந்து அடித்துவிட்டார்கள் என்று நினைத்தாராம். இந்த ரேடியோக்களை இப்போது அழகுக்காக வாங்கி ஓட்டிப் பார்க்கும் இளைஞர்கள் இருக்கிறார்கள். தெரிந்தவர் பார்க்காமல் பிளக்கில் சொருக வேண்டாம். வால்வு ரேடியோவோ புதிய ஆம்ப்ளிபயரோ, உள்ளே பெரிய கண்டன்சர்கள் உண்டு. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சிறிது நேரம் அவற்றில் மின்சாரம் தங்கியிருக்கும். ஆகவே மூடியைத் திறப்பது நம் வேலை அல்ல.

கடையில் அறிவிப்புக்காக ஹார்ன் ஸ்பீக்கர் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். வீட்டுப் பெட்டியின் ஸ்பீக்கர் வயரில் பொதுவாக வோல்டேஜ் குறைவு. ஆனால் மைக் செட் ஆம்ப்ளிபயரின் பின்னால் '100 வோல்ட்' என்று ஒரு முனை இருக்கும். நெடுந்தூரம் வயர் இழுப்பதற்காக உள்ளது அது. சத்தம் உச்சத்துக்குப் போகும்போது அந்த வயரிலும் 100 வோல்ட் அளவுக்கு வரும். அந்த வயரைப் பல்லால் கடித்து உரித்து முறுக்கும் ஆட்களை நான் பார்த்திருக்கிறேன்.

எலி, உப்பு, எக்ஸ்டென்ஷன்

நம் தொழிலுக்கே உரிய விரோதிகள் இவை. எலிக்குத் தானியம் கிடைத்தாலும் பல்லைத் தேய்க்க வயர்தான் வேண்டும். மூட்டைகளுக்குப் பின்னால் ஓடும் ஸ்பீக்கர் வயரையும் எக்ஸ்டென்ஷன் வயரையும் கடித்து உறையை உரித்து விட்டுவிடும். கோணிச் சாக்கில் அந்த இடம் பட்டால் பொறி பறக்கும். சாக்குத் தூசி பற்றிக்கொள்ள அது போதும். நிரந்தரமாக ஓடும் வயரை பி.வி.சி. குழாய்க்குள் விட்டு, சுவரின் மேல் பகுதியில் ஓட்டுங்கள். உப்பு மூட்டை மழைக்காலத்தில் நீர் விட்டுக் கசியும். அதன் பக்கத்தில் உள்ள சாக்கெட்டின் பித்தளை பச்சை பூத்து, பிளக் இறுக்கமாகப் பிடிக்காமல் சூடாகும். உப்பு, வெல்லம், எண்ணெய் டின் இருக்கும் பக்கத்தில் பிளக் பாயிண்டே வேண்டாம்.

எக்ஸ்டென்ஷன் பெட்டி ஒன்றில் ஐந்து துளை இருப்பதால் ஐந்தையும் நிரப்ப வேண்டும் என்பதில்லை. ஆம்ப்ளிபயர் இருக்கும் பெட்டியிலேயே அயர்ன் பாக்ஸ், ஹீட்டர் சொருகக் கூடாது. சாதாரண 6 ஆம்பியர் சாக்கெட்டின் சக்தி 1,300 வாட் சொச்சம்தான். மீந்த வயரைச் சுருளாகக் கட்டி வைப்பது அழகாக இருக்கும். சுருளின் உள்ளே சூடு வெளியேறாமல் உறை உருகும். பிளக், சாக்கெட் வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரை பாருங்கள். ஆடியோ பெட்டிகளின் அடாப்டரில் இந்தியத் தர நிர்ணய அமைப்பின் முத்திரையும் 'ஆர்' என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். எண்ணெய் கலப்படத்தைக் கண்டுபிடிக்கும் நாம், 60 ரூபாய் அடாப்டரை ஏமாந்து வாங்கலாமா?

வாட் கணக்கிலும் ஏமாற வேண்டாம். பெட்டியின் முகப்பில் 'பி.எம்.பி.ஓ. 1500 வாட்ஸ்' என்று கொட்டை எழுத்தில் இருக்கும். பின்னால் திருப்பிப் பார்த்தால் இழுக்கும் மின்சாரம் 60 வாட் என்று சிறிய எழுத்தில் இருக்கும். சாக்கு எடையோடு சேர்த்து நிறுத்தால்கூட இந்த வித்தியாசம் வராது. வயர் தடிமனுக்கும் போர்டுக்கும் பின்பக்கத்து எண்ணையே கணக்கில் எடுக்க வேண்டும்.

ஆம்ப்ளிபயரின் மேல் துணி விரித்து, அதன் மேல் பூச்சாடி, அல்லது சாமி விளக்கு வைப்பது நம் வீடுகளில் சகஜம். மேலே உள்ள துளைகள் சூடு போவதற்காக உள்ளவை. தண்ணீரோ எண்ணெயோ அதற்குள் சொட்டினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. பிள்ளைகள் போனைச் சார்ஜில் போட்டுக்கொண்டே காதில் வயர் மாட்டிப் பாட்டுக் கேட்கிறார்கள். சார்ஜர் மட்டமானதாக இருந்து உள்ளே பழுதானால் மின்சாரம் நேரே காதுக்கு வரும். சார்ஜைக் கழற்றிவிட்டுக் கேட்கச் சொல்லுங்கள்.

நியூட்ரல் அறுவதும் இடி மின்னலும்

பஜாரில் திடீரென்று ஒரு கடையில் லைட் கண்ணைப் பறிக்கும், பக்கத்துக் கடையில் மங்கும். மூன்று பேஸுக்கும் பொதுவான நியூட்ரல் எங்கோ விட்டுவிட்டது என்பதற்கு அடையாளம் அது. அப்போது 230 இருக்க வேண்டிய இடத்தில் 300, 350 என்று ஏறி, லோடு குறைவாக உள்ள கடையின் பெட்டிகள் எல்லாம் வெந்துவிடும். லைட் வழக்கத்தைவிடப் பிரகாசமாகத் தெரிந்தால் பெட்டியின் பிளக்கைத் தேடிக்கொண்டிருக்காமல் மெயினை இறக்குங்கள். வோல்டேஜ் மிஞ்சினால் தானாகத் துண்டிக்கும் சாதனமும் உண்டு. இடி மின்னல் வருமுன் பிளக்கையும் கேபிள் அல்லது டிஷ் வயரையும் பெட்டியிலிருந்து கழற்றிவிடுவதுதான் பாதுகாப்பு. சுவிட்சை அணைப்பது போதாது. மின்னல் தொடங்கிய பிறகு போய்க் கழற்றக் கூடாது.

இன்வெர்ட்டர் உள்ள கடைகளில் மெயினை இறக்கினாலும் சில சாக்கெட்டுகளில் மின்சாரம் இருக்கும். யாராவது மாட்டிக்கொண்டால் எந்த சுவிட்சை அணைக்க வேண்டும் என்று கடையில் உள்ள எல்லோருக்கும், மூட்டை தூக்குபவர் உட்பட, காட்டி வையுங்கள். மாட்டியவரை வெறும் கையால் தொட்டு இழுக்காதீர்கள். சுவிட்ச் எட்டவில்லை என்றால் உலர்ந்த பலகைமேல் நின்று, உலர்ந்த மரக் கம்பால் அல்லது பிளாஸ்டிக் நாற்காலியால் தள்ளி விடுங்கள். விழுந்தவருக்கு மூச்சு இல்லையென்றால் 108-க்கு ஒருவர் போன் செய்யட்டும். இன்னொருவர் அவரைத் தரையில் மல்லாக்கக் கிடத்தி, நெஞ்சின் நடுவில் இரு கைகளையும் வைத்து, இரண்டு அங்குலம் அமுங்குமாறு நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை விடாமல் அழுத்த வேண்டும். வண்டி வரும்வரை நிறுத்தக் கூடாது. பெட்டி தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள். மின்சாரத்தைத் துண்டித்து, உலர்ந்த மணல் அல்லது பவுடர் தீயணைப்பான்.

இன்ஷூரன்ஸ் பற்றியும் சிலர் கேட்கிறார்கள். தீ விபத்து பாலிசியில், ஷார்ட் சர்க்யூட்டால் கெட்டுப்போன அந்தப் பெட்டிக்கு மட்டும் பணம் வராது. அதிலிருந்து தீ பரவி எரிந்த சரக்குக்கும் மற்ற பொருளுக்கும் வரும். உங்கள் பாலிசியில் இந்த ஷரத்தை ஒருமுறை படித்துவிடுங்கள். வயரிங் வேலை செய்த பில்லையும் தேதியோடு பத்திரப்படுத்துங்கள்.

ஆர்.சி.சி.பி. மாட்டிய முதல் மாதத்தில் அது அடிக்கடி லைனைத் துண்டிக்கலாம். எங்கள் கடையில் நாலு முறை போயிற்று. மாட்டியவர் வந்து, "இது தொந்தரவு, நேர் லைன் கொடுத்து விடுகிறேன் அண்ணாச்சி" என்றார். வேண்டாம் என்று சொல்லி, ஒவ்வொரு பிளக்காகப் பிடுங்கிப் பார்க்கச் சொன்னேன். கடைசியில் குடோன் பிரிட்ஜின் வயரை எலி கடித்திருந்தது தெரிந்தது. வயரை மாற்றிய பின் இதுவரை ஒரு முறைகூடப் போகவில்லை.